முட்டுச்சந்துகளுக்கு மத்தியானம்

நவம்பர் 6, புதன்

இன்று வரைபடத்தை விரித்தேன். மலை உச்சியில் வெள்ளை தெரிய ஆரம்பித்ததும் மினசவா ஊரே பனிக்கால டயர் மாற்றக் கிளம்பும். நான் வண்ணப் பென்சில்களைச் சீவுவேன்.

பஸ் போகும் சாலைக்கும் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடச் சாலைகளுக்கும் சிவப்பு. அவற்றை இணைப்பவற்றுக்கு நீலம். ஜனங்கள் குடியிருக்கும் தெருக்களுக்கெல்லாம் பச்சை. பனி ஒரு சாண் விழுந்தால் போதும், பனி தள்ளும் வண்டிகள் விடியுமுன் கிளம்பும். சிவப்பு, நீலம், பச்சை என்று தள்ளிக்கொண்டே போய், ஊர் வேலைக்குப் புறப்படும் முன் முடித்துவிடும். டவுன் ஆபீஸ் சாலைப் பிரிவில் சேர்ந்ததிலிருந்து இந்தப் படத்தை நான்தான் போடுகிறேன்.

இந்த வருஷம் ஒரு சிக்கல். கிழக்குப் பகுதி ஒப்பந்தக்காரரிடம் இரண்டு ஓட்டுநர்கள் வயதாகி நின்றுவிட்டார்கள். புது ஆள் கிடைக்கவில்லை. மிஞ்சியது நாருமி ஒருவர்தான்.

பிரிவுத் தலைவர் ஃபுகுஷி டீயோடு என் மேஜைக்கு வந்தார். "ஒரு வண்டி, மூணு வண்டி வேலை. எப்படியாவது போட்டுக் குடுத்துடுங்க, கசாய்."

எப்படியாவது — இந்தச் சொல்லுக்கு என்ன வண்ணம் அடிப்பது?

நவம்பர் 11, திங்கள்

வழி கிடைத்துவிட்டது. முட்டுச்சந்துகள்.

நேர் தெருவில் வண்டி ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியேறும். முட்டுச்சந்தில் நுழைந்தால் பின்னாலேயே வர வேண்டும். தள்ளிய பனியைப் போட இடமில்லாமல் வாய்வரை திரும்பத் திரும்ப இழுத்து வர வேண்டும். ஒரு சந்தைத் திறக்கும் நேரத்தில் நாலு நேர் தெருக்களை முடித்துவிடலாம். ஆகவே கிழக்குப் பகுதியின் முட்டுச்சந்துகள் எல்லாம் காலையிலிருந்து மத்தியானத்துக்குப் போகின்றன. புது வண்ணம் வேண்டியிருந்தது. டப்பாவில் பழுப்பு மட்டும் தேயாமல் இருந்தது.

"யாருக்கும் நோகாத மாதிரி பேர் வைங்க" என்றார் ஃபுகுஷி. 'பிற்பகல் வரிசை' என்று வைத்தேன்.

பழுப்பு அடிக்கும்போது குளத்தடிச் சந்தும் வந்தது. கை நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டுமா?

நவம்பர் 12

நேற்று எழுதாமல் விட்டது. குளத்தடிச் சந்தின் கடைசி வீட்டில் என் கணவர் ஷுன்சாகுவின் அண்ணன் யோஷிதாகே தனியாக இருக்கிறார். அண்ணி காலமாகி வெகு நாளாயிற்று. அண்ணாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் பக்கத்து ஊருக்கு டயாலிசிஸ் போகிறார். ஏழரைக்கு மினிபஸ் சந்து வாயில் வந்து நிற்கும். சந்துக்குள் வராது.

இது எனக்கும் என் கணவருக்கும் மட்டுமே தெரியும். அக்கம்பக்கத்தில் வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறார். மினிபஸ்ஸில் கிளினிக்கின் பெயர் எழுதியிருக்காது என்பது அவருக்கு வசதி. "நோயாளின்னு தெரிஞ்சா எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவாங்க. எனக்கு அது ஆகாது" என்று ஒருமுறை சொன்னார். ஆயுசு முழுக்க டிரைவிங் ஸ்கூலில் மற்றவர்களை அதட்டியே பழகியவர்.

நவம்பர் 19, செவ்வாய்

ஷுன்சாகுவிடம் நானே சொன்னேன். வேறு யார் வாயிலிருந்தாவது தெரிவதைவிட மேல்.

அவர் ஆப்பிள் கிடங்கிலிருந்து வந்து கால் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கழற்றி, மற்றது காலிலேயே இருக்க, கேட்டார்:

"அண்ணன் சந்து மத்தியானமா?"

"ஆமா."

"நீதான போட்ட?"

"நான்தான்."

"ஒரே ஒரு சந்து, தொமோயோ. அதை மட்டும் பச்சையாக்கிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். அப்புறம் ஊருக்கும் தெரியும். ரோடு பிரிவுக்காரி புருஷனோட அண்ணன் வீட்டுக்கு மட்டும் காலைல வண்டி போகுதுன்னு பேசுவாங்க."

"பேசட்டுமே. பேச்சால யாராவது செத்தாங்களா?"

அவர் இன்னொரு உறையையும் கழற்றினார். சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள முள்ளங்கி ஊறுகாய் எடுத்து வைத்தேன். அவர் தொடவில்லை.

நவம்பர் 30, சனி

கிழக்கு வட்டார மண்டபத்தில் விளக்கக் கூட்டம். மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் படத்தைச் சுவரில் ஒட்டிப் பேசினேன். காரணங்களைச் சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை.

அதிகம் பேசியவர் சகுராபா மிசாவோ. கோயிலடிச் சந்தில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். அந்தச் சந்தும் முட்டு, அதுவும் பழுப்பு. "மத்தியானம் சந்தைத் திறந்தா, காலைல வர்ற கிழவிங்க பறந்து வருவாங்களா? நீங்களே வந்து என் கடையில உக்காந்து முடி வெட்டிக்குங்க அப்போ" என்றார். சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்திருக்க வேண்டும். கடைசிவரை படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

யோஷிதாகே அண்ணா பின்வரிசையில் இருந்தார். கை தூக்கினார். என் மனம் ஒரு கணம் — என்ன எதிர்பார்த்தேன்?

"கணக்கு சரியாத்தான் இருக்கு. வண்டி ஒண்ணு, ஆள் ஒருத்தர். கடைசில யாராவது நிக்கத்தான வேணும்? எங்க சந்து நிக்கட்டும்" என்றார்.

கூட்டம் அதோடு அடங்கிவிட்டது. வெளியே வந்து அவர் பக்கத்தில் நடந்தேன். "ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வேற எப்படிச் சொல்றது? தம்பி பொண்டாட்டி போட்ட திட்டத்துல நானே எந்திரிச்சு நின்னு எனக்கு மட்டும்னு கேக்கவா? உன் முகத்துல கரி பூசறதுக்கா?"

அதற்கு மேல் அவர் பேச விடவில்லை. குளிருகிறது, வீட்டுக்குப் போ என்றார்.

டிசம்பர் 10

இந்த வருஷத்தின் முதல் பனித் தள்ளல். தொலைபேசி காலையிலிருந்து ஓயவில்லை. எல்லா வருஷமும் போலத்தான். வண்டி தெருவைத் திறந்துகொண்டு போகும்போது வீட்டு வாசல்களில் கெட்டிப் பனியாக வரப்பு கட்டிவிட்டுப் போகிறதே, அது பற்றிப் பாதி. இன்னும் வரவில்லையே என்று மீதி.

டிசம்பர் 13, வெள்ளி

ஷுன்சாகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இருட்டிலேயே கிளம்பிப் போனார். எங்கே என்று கேட்கத் தேவையில்லை. அண்ணன் வீட்டிலிருந்து சந்து வாய் வரை ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்குத் தோண்டிவிட்டு, அங்கிருந்தே கிடங்குக்குப் போய்விட்டாராம். ஆப்பிள் பெட்டி தூக்கும் வேலை அவருக்கு. அதற்கு முன்னால் இது.

டிசம்பர் 27

இரண்டு வாரமாக டயாலிசிஸ் நாளெல்லாம் தோண்டுகிறார். வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. உப்பு எங்கே, சாவி எங்கே என்பதோடு சரி.

நானும் வருகிறேன் என்று சொன்னேன். "வேணாம். ரோடு பிரிவுக்காரங்க அந்தச் சந்துல நின்னா ஊர் பேசும்" என்றார். என் வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஜனவரி 2

புது வருஷம். அண்ணா வந்தார். உப்பு, தண்ணீர் எல்லாம் அளவுதான், அதனால் சூப்பில் கொழுக்கட்டையை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டுச் சூப்பை வைத்துவிட்டார். அண்ணனும் தம்பியும் டிவியில் ஓட்டப் பந்தயம் பார்த்தார்கள். பனியைப் பற்றி மூவருமே வாய் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அது தன் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

ஜனவரி 24

ஷுன்சாகுவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். திரும்பிப் படுத்துக்கொண்டே சொன்னார்: "உன்னோட படத்துல அண்ணன் ஒரு கோடு. பழுப்புக் கோடு. அவ்வளவுதான் இல்ல?"

படத்தில் எல்லோருமே கோடுதான். நானும் கோடுதான். இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சமாதானமாகியிருக்குமா? தெரியவில்லை.

பிப்ரவரி 4

நேற்று இரவிலிருந்து விடாமல் விழுகிறது. சாலையோர அடையாளக் கம்பங்கள் பாதி மூழ்கிவிட்டன. சிவப்பே முடியவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இரண்டு நாளாக ஆபீஸிலேயே படுக்கை. நெடுஞ்சாலை மூடல். இப்போதுதான் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்தேன்.

ஷுன்சாகு சமையலறையில் நின்றிருந்தார். மேலுடுப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணன் நேத்து போகல."

"போகலையா?"

"நான் இடுப்பு வலின்னு கொஞ்சம் லேட்டாப் போனேன். சந்துல இடுப்பளவு பனி. பாதிகூடத் தோண்டல, மினிபஸ் கிளம்பிடுச்சு. பஸ்ல மத்த நோயாளிங்களும் இருக்காங்க, டிரைவர் எவ்வளவு நேரம் நிப்பான்? அண்ணனே ஃபோன் பண்ணி 'இன்னிக்கு வரலை'ன்னு சொல்லிருக்காரு. இன்னிக்குப் போகலாம்னா நெடுஞ்சாலை மூடிட்டாங்க. இப்போ போய்ப் பாத்தேன். காலு ரெண்டும் வீங்கிக் கிடக்கு. மாடி ஏறினா மூச்சு வாங்குது."

"ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லுங்க. ஆம்புலன்ஸ்னா விதிப்படி பனி தள்ளற வண்டி உடனே போகும், சந்தா இருந்தாலும்."

"சொல்லாம இருப்பேனா? 'சைரன் போட்டு வந்தா சந்தே வெளிய வந்து நிக்கும், நாளைக்கு மினிபஸ் வரும், அதுல போய்க்கறேன்'ங்கறாரு. அந்த மனுஷன் பிடிவாதம் உனக்குத் தெரியாதா?"

தெரியும். அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுத்தார். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. "ஆபீஸ்ல வேலை இல்லையா உனக்கு?" என்றார். நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவேன் என்றேன். கூப்பிட்டால் கதவைத் திறக்க மாட்டேன் என்றார். ஒரு நாள்தானே, தாங்கும் என்றார்.

ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும். எழுதிக்கொண்டிருக்கிறேன், எதற்கு?

பிப்ரவரி 7, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ராத்திரி மறுபடி ஒரு சாணுக்கு மேல் விழுந்தது. நெடுஞ்சாலையைத் திறந்துவிட்டார்கள். ஷுன்சாகு குளத்தடிச் சந்தில் தோண்டிக்கொண்டிருந்தார். அண்ணன் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று எட்டு மணிக்குச் சேதி அனுப்பினார். 'சேர்ந்துட்டார்' என்று ஒரே சொல். ஆபீஸ் கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒன்பது மணிக்குத் தொலைபேசி. சகுராபா மிசாவோ.

ஊரின் பனி வண்டிகள் எங்கே போகின்றன என்பது எங்கள் இணையப் பக்கத்தில் புள்ளிகளாகத் தெரியும். ஜனங்கள் சும்மா போன் செய்து கேட்க வேண்டாமே என்று வைத்தது.

"காலைல ஏழு மணிக்கு ஒரு புள்ளி குளத்தடிச் சந்துக்குள்ள போயிட்டு வந்துச்சு. அது மத்தியானச் சந்துதான? எங்க சந்து மாதிரிதான?"

"ஆமா. விசாரிச்சுச் சொல்றேன்."

"விசாரிங்க. அந்தச் சந்துல கசாய்னு ஒருத்தர் இருக்காரு. உங்க பேரும் கசாய்தான். அதையும் சேத்து விசாரிங்க."

பத்து மணிக்குள் கவுன்சிலர் ஒருவருக்குச் சேதி போய், அவர் ஃபுகுஷியைக் கூப்பிட்டுவிட்டார். ஃபுகுஷி என்னைக் கூப்பிட்டார். "நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். நாருமி ஒப்பந்தக்காரரிடம் 'பனிப்புகையில் வழி தவறிட்டேன்' என்று சொன்னாராம். இருபது வருஷமாக இந்த வட்டாரத்தில் ஓட்டுகிறவர், வழி தவறினாராம்.

இரவு.

ஷுன்சாகுவே சொன்னார். நான் கேட்கவில்லை.

"நான்தான் கேட்டேன். பெரிய ரோட்டுல வண்டி வந்துச்சு. நடுவுல போய் நின்னுட்டேன். நாருமி கதவைத் திறந்து, 'சாகணுமாடா உனக்கு?'ன்னு கத்தினாரு. விஷயத்தைச் சொன்னேன். சந்துக்குள்ள பாத்தாரு, என்னைப் பாத்தாரு. வண்டியைத் திருப்பிட்டாரு."

"விஷயத்தையா? டயாலிசிஸ்னா?"

"இல்ல. 'உள்ள ஒருத்தர் மூச்சு விட முடியாம இருக்காரு'ன்னு மட்டும் சொன்னேன்."

பிறகு கேட்டார்: "ஆபீஸ்ல சொல்லப் போறியா?"

"சொல்லணும்."

"சொல்லு. நான் திரும்பவும் அங்க நிக்க வேண்டியிருந்தா நிப்பேன். அதையும் சொல்லு."

பிப்ரவரி 10, திங்கள்

ஃபுகுஷியிடம் சொன்னேன். நாருமி வழி தவறவில்லை, என் கணவர் கேட்டார், என் கணவரின் அண்ணன் வீட்டுக்காக. உடம்பு சரியில்லாதவர் என்பதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். வழி தவறுச்சுன்னு முடிஞ்சுபோற விஷயம்."

"நாருமி பேரு கெடும்."

"இப்போ ரெண்டு பேர் பேரும் கெடும்."

அதுவும் சரிதான்.

பிப்ரவரி 12, புதன்

கவுன்சிலர் விடவில்லை. ஒப்பந்தக்காரர் நாருமியை வண்டியிலிருந்து இறக்கிக் கிடங்கில் உட்கார வைத்துவிட்டார். இன்று காலை பனி விழுந்தது. கிழக்குப் பகுதியில் வண்டி ஓட்ட ஆளில்லை. வேறு பகுதி வண்டி வந்து தள்ளியதில் பச்சையும் பழுப்பும் சேர்ந்து மத்தியானம் ஆயின. யாருக்குத் தண்டனை இது? ஃபுகுஷியிடம் கேட்கவில்லை. அவர் முகத்திலும் அதே கேள்வி இருந்தது.

சகுராபா மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் நான்தான் எடுத்தேன்.

பிப்ரவரி 14

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம். என்னை நேரில் வந்து பதில் சொல்லச் சொல்கிறார்கள். அண்ணனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று ஷுன்சாகுவிடம் கேட்டுக்கொண்டேன். "சரி" என்றார். சரி என்று சொன்ன விதம் சரியாக இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மண்டபம் நிரம்பியிருந்தது. செருப்பு வைக்கும் அலமாரியில் இடமில்லாமல் வாசலெல்லாம் பூட்ஸ்.

நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். நான் உத்தரவு கொடுக்கவில்லை, ஆனால் கேட்டவர் என் வீட்டுக்காரர். நாருமி தனக்காக எதுவும் செய்துகொள்ளவில்லை. அவரைத் திரும்ப வண்டியில் ஏற்ற வேண்டும். என்னைப் பற்றி என்ன முடிவு எடுத்தாலும் ஒப்புக்கொள்கிறேன். இவ்வளவுதான். குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. எனக்கே என் குரல் அறிவிப்புப் பலகை போல இருந்தது.

சகுராபா எழுந்தார். கடையிலிருந்து நேராக வந்திருப்பார் போல, தோளில் முடித்துணுக்குகள். "உத்தரவு குடுத்தாங்களா இல்லையாங்கறது எனக்கு முக்கியமில்லை. அந்தச் சந்துல அப்படி என்ன அவசரம்? வாரத்துல மூணு நாள் வெந்நீர்க் குளியலுக்குப் போற பெரிய மனுஷன் இருக்காரு. குளியல் ஆறிப்போயிடும்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஷுன்சாகு முன்வரிசையிலிருந்து எழப் போனார். அதற்குள் கதவு திறந்தது.

யோஷிதாகே அண்ணா. கம்பளிக் குல்லாவில் பனி. நடந்தே வந்திருக்கிறார். பூட்ஸைக் கழற்றக் குனிந்தவர் நிமிர வெகு நேரமாயிற்று. யாரும் உதவப் போகவில்லை, அவர் விடவும் மாட்டார்.

நேராக சகுராபா முன்னால் வந்தார். மேலுடுப்பைக் கழற்றினார், உள்ளே ஸ்வெட்டர், அதன் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். அந்தக் கை எனக்கே புதிது. கயிறு முறுக்கினாற்போல் நரம்பு புடைத்து, ஊசித் தழும்புகள் வரிசையாக.

"தொட்டுப் பாருங்க."

"என்னத்துக்கு?"

"தொடுங்க, கடிக்காது."

சகுராபா இரண்டு விரலை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார்.

"பூனை மாதிரி உறுமுது" என்றார்.

"ரத்தம் ஓடற சத்தம். மெஷினுக்காக நரம்பை வெட்டி ஒட்டு போட்டிருக்காங்க. வாரத்துல மூணு நாள் என் ரத்தத்தை எடுத்துக் கழுவி உள்ள விடறாங்க. குளியல்னு நான் சொன்னது பொய்யில்லை. ரத்தத்துக்குக் குளியல்." சுற்றிப் பார்த்தார். "நவம்பர்ல இதே இடத்துல எங்க சந்து கடைசில நிக்கட்டும்னு சொன்னேன். வீறாப்பு. அதுக்கு என் தம்பி இடுப்பு ஒடிஞ்சான், நாருமி வேலை போச்சு. கேக்க வேண்டியது நான். கேக்காதது நான். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

அவர் பயந்த மாதிரியே ஒரு பெண் குரலைத் தாழ்த்தி, "எத்தனை நாளா, ஐயா?" என்று கேட்டாள்.

"சத்தமா கேளும்மா. காது நல்லாத்தான் இருக்கு."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கொல்லன்பட்டறைச் சந்தில் ஒருவர் வீட்டில் ஆக்ஸிஜன் உருளை வைத்திருக்கிறார், மாற்றுகிறவர் காலையில்தான் வருவார். இன்னொரு வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைப் பார்க்க வரும் தாதி, பனி நாளில் வாசலோடு திரும்பிவிடுகிறாள். எதையும் யாரும் டவுன் ஆபீஸுக்குச் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே" என்றார் படுக்கையில் கிடக்கும் அம்மாவின் மகன்.

ஆம். நான் தெருவின் நீளத்தைக் கேட்டேன், அகலத்தைக் கேட்டேன், எத்தனை வீடு என்று கேட்டேன்.

சகுராபா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். "அதெல்லாம் சரி. ஆனா என் கடைக்கும் காலைலதான் வருமானம். அதையும் சேத்துக்குங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை.

ஒருவர் மட்டும் எழுந்து, நோய்க்கு ஒரு சட்டம் ஆரோக்கியத்துக்கு ஒரு சட்டமா என்று முணுமுணுத்துக்கொண்டே பூட்ஸைத் தேடிப் போனார். வேறொருவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது.

வரும் வழியில் மூவரும் நடந்தோம். ஷுன்சாகு என் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 19

நாருமி திரும்ப வண்டியில். கிழக்குப் பகுதி காலையிலேயே திறந்தது. போய்ப் பார்த்தேன். நன்றி என்றேன். "எதுக்கு? வழி தவறினதுக்கா?" என்றார்.

மார்ச் 21

பனி ஓரங்களில் மட்டும் கறுப்பாகக் கிடக்கிறது. எனக்கு எழுத்து மூலம் ஒரு கண்டிப்பு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இந்தக் குளிர்காலத்துக்கு இவ்வளவு என்றால் குறைவுதான்.

ஜூலை 8

ஃபுகுஷியோடு வாக்குவாதம். காலையில் வெளியே போயே ஆக வேண்டியவர்கள், ஆள் வந்தே ஆக வேண்டியவர்கள் இருக்கும் சந்துகளை முதலில் திறக்க வேண்டும் என்பது என் யோசனை. "அப்போ எல்லாரும் மருத்துவச் சான்றிதழோட வரிசைல நிப்பாங்க" என்றார். சான்றிதழ் வேண்டாம், நோயின் பெயரும் வேண்டாம், ஆளின் பெயரும் வேண்டாம் என்றேன். ஒவ்வொரு வட்டாரமும் தங்களுக்குள் பேசி இரண்டே இரண்டு சந்தின் பெயர் சொல்லட்டும். ஏன் என்று நாம் கேட்க வேண்டாம்.

"ரெண்டுக்கு அடிச்சுக்குவாங்க."

"அடிச்சுக்கட்டும். இதுவரைக்கும் நான் தனியா உக்காந்து அடிச்சேன்."

"அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பீங்க? வண்டி அதே ஒண்ணுதான்."

படத்தில் காட்டினேன். அகலமான நேர் தெருக்கள் கொஞ்சம் பின்னால் போகலாம். அங்கே வண்டி வராவிட்டாலும் ஒரு கார் எப்படியாவது உருண்டு வெளியே வந்துவிடும்.

அவர் குனிந்து பார்த்தார். விரலை ஓரிடத்தில் வைத்தார். "இது உங்க தெரு இல்ல?"

"ஆமா."

கண்ணாடியைத் துடைத்தார். பேசாமல் போய்விட்டார். அது சம்மதம்.

அக்டோபர் 25

கிழக்கு வட்டாரம் பெயர் கொடுத்துவிட்டது. கொல்லன்பட்டறைச் சந்து, குளத்தடிச் சந்து. கோயிலடிச் சந்து தேறவில்லை. சகுராபா தோற்றது ஒரே ஓட்டில் என்று கேள்வி. தாதி வரும் வீடு எந்தச் சந்திலும் இல்லை, நேர் தெருவில்தான், அதை இந்த வருஷம் நீலத்தில் சேர்த்தாயிற்று.

முடி வெட்டிக்கொள்ள அவர் கடைக்குப் போனேன். கண்ணாடியில் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நிஜமாவே வந்துட்டீங்களா?" என்றார். நன்றாகவே வெட்டினார். காது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் குட்டை. வேண்டுமென்றா என்று தெரியவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

இரவில் நல்ல பனி. எங்கள் தெரு வரிசையில் கடைசி.

ஷுன்சாகு காரை எடுத்துப் பார்த்தார். உருண்டு வெளியே வந்துவிடும் என்று நான் ஃபுகுஷியிடம் சொன்ன கார், தெரு நடுவில் சிக்கிக்கொண்டது. இருவரும் சேர்ந்து தள்ளி வீட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தினோம். அவர் நடந்தே கிடங்குக்குப் போனார். போகும்போது சிரித்துக்கொண்டே போனார். வரத் தாமதமாகும் என்று ஆபீஸுக்குச் சொல்லிவிட்டு நான் வாசலைத் தோண்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் தன் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கேட்டார்:

"நீங்க ரோடு பிரிவுலதான இருக்கீங்க? நம்ம தெருவுக்குக் கொஞ்சம் சொல்லி வைக்கக்கூடாதா?"

"வரிசைப்படிதான் வரும்" என்றேன்.

"அது யாரு போட்ட வரிசையோ" என்றுவிட்டுத் தோண்டப் போனார்.

மேலுடுப்புப் பைக்குள் போன் அதிர்ந்தது. யோஷிதாகே அண்ணா. கிளினிக்கிலிருந்து.

"தொமோயோ, உங்க தெரு திறந்தாச்சா?"

"இல்லண்ணா. பத்து மணியாவது ஆகும்."

பின்னால் மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும் சத்தம்.

"நான் வந்து படுத்து அரை மணி ஆச்சு" என்றார். "சும்மா, சொல்லலாம்னுதான்."

"சரிண்ணா" என்றேன்.

போனை உள்ளே வைத்துவிட்டு மறுபடி தோண்டினேன்.